அந்த உருளைக்குள் என் கரி இல்லை

ரூபன்,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைத்திருப்பாய். வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் வைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் உன் மாமனார் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார், கௌதள்ளிக்குப் போய் நம் எரிவாயு நிலையத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார், சம்பந்தியம்மா கண்டுபிடித்த கரியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம் என்றாய். "நீ கூட வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும்மா. மத்ததெல்லாம் கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம். சும்னே, தேவையில்லாம இப்ப எதுக்கு?" என்றாய். எந்த ரெண்டு வார்த்தை என்று நீ சொல்லவில்லை. நான் எதைப் பேச வேண்டும் என்று நினைக்கிறாயோ அதை இனி என்னால் பேச முடியாது. ஏன் முடியாது என்பதை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை முழுதாகக் கேள். போனில் நீ நடுவில் பேசிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

நீ நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது என்னோடு கல்லூரி ஆய்வகத்துக்கு வருவாய். ஒரு சனிக்கிழமை உனக்குச் சுண்ணாம்பு நீர் காட்டினேன். தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயை வைத்து ஊதச் சொன்னேன். நீ ஊத ஊத அது பால் மாதிரி வெளுத்தது. உன் மூச்சில் இருக்கிற கரியமில வாயுதான் அதை வெளுக்க வைக்கிறது என்றேன். நீ விடவில்லை. சாண எரிவாயுவை ஊதினால் என்ன ஆகும் என்று கேட்டாய். அதுவும் வெளுக்கும், ஏனென்றால் அதில் மீத்தேனோடு கரியமில வாயுவும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கலந்திருக்கிறது என்றேன். "அப்ப வெளுக்காத கேஸ் எப்படிம்மா பண்றது?" என்றாய். உனக்கு அது மறந்திருக்கும். அந்தக் கேள்வியைத்தான் அதற்குப் பிறகு என் வேலையாக வைத்துக்கொண்டேன். வகுப்பு, விடைத்தாள், வீடு, எல்லாவற்றுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற ப்ரியா இதைப் படிக்க நேர்ந்தால் அவளுக்கும் புரியட்டும் என்பதற்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சாண எரிவாயுவை அடுப்பில் எரிக்கலாம், தொல்லையில்லை. அதை அழுத்திச் சிலிண்டரில் அடைத்து வண்டி ஓட்ட வேண்டுமென்றால் எரியாத கரியமில வாயுவை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கு நுண்துளைகள் நிறைந்த பொருள் ஒன்று வேண்டும். வாயுவை அழுத்தத்தோடு அதன் வழியே அனுப்பினால் கரியமில வாயு துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மீத்தேன் அவ்வளவாக ஒட்டாமல் கடந்து வந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் ஒட்டியது விட்டு வெளியேறும், பொருள் மறுபடி வேலைக்குத் தயார். இரண்டு உருளைகளில் நிரப்பி மாற்றி மாற்றி ஓட்டலாம். சந்தையில் இதற்கென்று ஜியோலைட் மணிகள் கிடைக்கின்றன. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஈரம் பட்டால் படுத்துவிடும், வெளியிலிருந்து வாங்க வேண்டும். மக்காச்சோளம் உதிர்த்த பிறகு ஹனூர்ப் பக்கம் மலை மலையாகக் குவிகிற சக்கையைச் சுட்டு, அதில் துளை உண்டாக்கி, அந்தக் கரியை வைத்தே இதைச் செய்யலாம் என்று நான் நம்பினேன். ஆய்வகத்தில், விரல் தடிமன் குழாயில், அது செய்தும் காட்டியது.

நீ இன்ஜினியரிங் முடித்து, வேலைக்குப் போகாமல், "உன் கரியை வச்சு நெஜமாவே ஒரு ப்ளான்ட் போடலாம்மா" என்று சொன்ன நாளில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். கௌதள்ளிப் பால் சங்கத்தார் இடம் கொடுத்தார்கள். உங்கப்பா ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அந்த இரண்டு இரும்பு உருளைகளையும் தானே வெல்டிங் செய்தார். மைசூர் என்.ஆர். மொஹல்லாவில் நம் வீட்டு மாடியில் கரி சுட்டுப் பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் புகை நாற்றம் அடித்து, நாம் மூவரும் மாறி மாறிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த ஒரு வருஷத்தில் நாம் சண்டை போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு குடும்பம் ஒரே வேலையில் கை வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கரியை உருளைகளில் நிரப்பி ஓட்டத் தொடங்கிய சமயத்தில் எனக்கு மூட்டு அறுவை சிகிச்சை. நான் வீட்டில் படுத்திருந்தேன். நிதி கொடுக்க நினைத்த அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீ தினமும் கௌதள்ளியிலிருந்து போன் செய்து, "சூப்பரா ஓடுதும்மா" என்றாய். அவர்கள் வந்து பார்த்துப் போன அன்று நீயும் அப்பாவும் மைசூர் பாக்கோடு வீட்டுக்குள் வந்தீர்கள். மீத்தேன் சுத்தமாக வருகிறது, பால் கேன் ஏற்றும் லக்கேஜ் ஆட்டோ அந்த கேஸில் ஓடுகிறது என்றீர்கள். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அப்பா என் தலையைத் தடவினார். அந்தக் கையை இப்போது நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

நடக்கத் தொடங்கியதும் நானும் போய்ப் பார்த்தேன். உருளைகளுக்கு முன்னால் ஈரம் உறிஞ்சுகிற ஒரு பெட்டி புதிதாக இருந்தது. என் கரி கொஞ்சம் ஈரத்தைத் தாங்குமே, இது எதற்கு என்று கேட்டேன். "கம்ப்ரஸருக்குத் தண்ணி ஆகாதும்மா" என்றாய். சரி என்றேன். கண் எதிரே இருந்ததை நான் பார்க்காமல் போனது என் அறிவின் குறை இல்லை. சொன்னது நீ. அதற்கு மேல் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மைசூரில் ஒரு விழா, எனக்கு சால்வை, மேடையில் பேச்சு. சோளச் சக்கையே போதும், எந்த ஊரும் தன் கையால் இதைச் செய்துகொள்ளலாம் என்று பேசினேன். முன்வரிசையில் நீ கைதட்டினாய். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் ஹனூரிலிருந்து செல்வி வந்தாள். மகளிர் குழுத் தலைவி, பத்து மாடு வைத்திருப்பவள், பேச்சில் ஒளிவு மறைவு இல்லாதவள். "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க டீச்சர், எங்க ஊர்ல சக்கைக்கா பஞ்சம்?" என்றாள். நான் அங்கே போய்த் தங்கிச் சொல்லிக் கொடுத்தேன். நீயும் வந்தாய். செல்வி வீட்டில் களி சாப்பிட்டாய், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அந்தப் பெண்கள் வெயிலில் சக்கை உலர்த்தி, டிரம்மில் காற்றுப் படாமல் சுட்டு, நீராவி பாய்ச்சி, சலித்து, கைமுகமெல்லாம் கரியாகி நின்றதை நீ பார்த்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய்.

ஹனூரில் அவர்கள் கட்டிய நிலையம் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் செல்வி போன் செய்தாள். "ஏனுங் டீச்சர், கேஸு வருது, ஆனா வண்டி மேடு ஏற மாட்டேங்குதுங். பால் கேனோட நடு மேட்ல நின்னு போயிருதுங். ஊர்ல சிரிக்கறாங்க." நான் உன்னிடம் கேட்டேன். நீ ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. "அவங்க சரியாச் சுட்டிருக்க மாட்டாங்கம்மா. சூடு போதலை. கௌதள்ளியில ஓடுதில்ல?" என்றாய். நான் நம்பினேன். ஹனூருக்குப் போய், குழு முழுவதும் உட்கார்ந்திருக்க, செல்வியைப் பார்த்து, சொன்னதைச் சொன்னபடி செய்யாமல் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று கடிந்துகொண்டேன். "நீங்க சொன்னபடிதானுங் சுட்டோம்" என்றாள். மறுபடி சுடச் சொன்னேன். மறுபடி சுட்டார்கள். மறுபடியும் வண்டி நின்றது. அப்போதும் உன்னைச் சந்தேகப்படவில்லை. முப்பது வருஷம் மாணவர்களிடம் எதையும் சோதித்துப் பார்த்து நம்பு என்று சொல்லிக் கொடுத்தவள், சோதிக்காமல் நம்பிய ஒரே ஆள் நீ.

நல்ல கரி எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்டலாம் என்றுதான் கௌதள்ளிக்குப் போனேன். உருளையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, ஹனூர்க் கரியோடு பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்பது என் திட்டம். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மாதேஷிடம் ஓட்டத்தை நிறுத்தி, அழுத்தத்தை வடியவிட்டு, மேல் மூடியைக் கழற்றச் சொன்னேன். அவன் போல்ட்டுகளைக் கழற்றி, கையை உள்ளே விட்டு அள்ளி என் உள்ளங்கையில் போட்டான். பழுப்பேறிய ஜவ்வரிசி மாதிரி மணிகள். ஜியோலைட். கடையில் வாங்கியது. அடுத்த உருளையையும் திறக்கச் சொன்னேன். அதிலும் அதுதான். மாதேஷ் என்னைப் பார்த்தான். "கரின்னா கறுப்பா இருக்கணுமில்ல டீச்சர்?" என்றான். "இது வேற தினுசுப்பா" என்றேன். கேட்டாயா ரூபன், உன் பொய்யைக் கண்டுபிடித்த அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது உன்னைக் காப்பாற்ற இன்னொரு பொய். இதை நீ எனக்குச் செய்துவிட்டாய்.

கொள்ளேகாலம் வழியாக பஸ்ஸில் திரும்பி வந்தேன். மணிகளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, எழுந்து, டிவியை அணைத்தார். இது என்ன என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோனது.

"எப்ப மாத்தினீங்க?"

"நீ படுத்திருந்தப்ப. கரி பிடிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்துலயே ரெண்டு வாயுவும் சேந்து வர ஆரம்பிச்சிடுச்சு. மீத்தேனையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்குது. அவன்தான் இதை வாங்கிட்டு வந்தான்."

"நீங்க நிரப்பினீங்க."

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ வலியில இருந்தே. அப்புறம் சொல்லலாம்னான். அப்புறம் நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றது சொல்லு?"

அவரோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறேன். நான் சால்வையோடு வந்த அன்று அதை மடித்து பீரோவில் வைத்தவர் அவர். என்னை முட்டாளாக்க நினைத்து நீங்கள் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டில் மூன்று பேர் இருந்தோம், இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் சாப்பாட்டு மேசையில் கரியைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தபோதெல்லாம் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை நினைக்காமல் இருக்க முயல்கிறேன், முடியவில்லை.

உன்னிடம் கேட்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "விடும்மா, ஆய்த்து, முடிஞ்சு போச்சு. அந்த ஊருக்கு கேஸ் வருதில்ல? வண்டி ஓடுதில்ல? எதுல ஓடினா என்ன?" என்றாய். ஹனூர்? என்று கேட்டேன். "அவங்க அதையே செய்வாங்கன்னு நான் எதிர்பாக்கலை" என்றாய். சரியாகச் சுடவில்லை என்று அவர்கள் மேல் பழி போட்டாயே என்றேன். "வேற என்னம்மா சொல்றது அந்த நேரத்துல?" என்றாய். அந்தப் பதிலில் வெட்கம் கொஞ்சமாவது இருக்கும் என்று தேடினேன். அவசரம்தான் இருந்தது. உனக்கு உன் புது வேலையில் ஏதோ மீட்டிங் இருந்தது.

கரி தோற்றது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோற்பது எங்கள் வேலையில் அன்றாடம் நடப்பது. குழாயில் மெதுவாக ஓட்டியபோது பிடித்தது, பெரிய உருளையில் வேகமாக ஓட்டியபோது பிடிக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பேன். மூன்றாம் நாள் துளைகளின் அளவு ஏன் சரியில்லை என்று யோசிக்க ஆரம்பித்திருப்பேன். அந்தத் தோல்வி என்னுடையது, ரூபன். அதை வைத்துக்கொண்டு நான் மேலே போயிருப்பேன். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, எனக்குச் சேராத ஒரு வெற்றியைக் கையில் கொடுத்தாய். நான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தேன்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். அம்மா என்ற முறையில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. எந்த உண்மையை ப்ரியா தாங்குவாள், எதைத் தாங்க மாட்டாள் என்று நீயாக முடிவு செய்யாதே. அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் மறைப்பாய், எனக்குச் செய்ததும் அப்படித்தான் தொடங்கியிருக்கும். ஆனால் மறைத்ததைக் காப்பாற்ற வேண்டிய நாள் வரும். அன்று அந்தப் பக்கம் யார் நிற்கிறார்களோ அவர்கள் தலையில் பழியைப் போடுவாய். உனக்கு அன்று கிடைத்தது செல்வியின் தலை.

நான் ஹனூருக்குப் போனேன். அப்பாவும் வந்தார், நான் கூப்பிடவில்லை. குழு கூடியது. ஜியோலைட் மணிகளை நடுவில் ஒரு தட்டில் வைத்து, கௌதள்ளியில் ஓடுவது இது, என் கரி இல்லை, நீங்கள் சுட்டதில் எந்தத் தப்பும் இல்லை, தப்பாகச் சொன்னது நான் என்றேன். செல்வி தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"இது உங்களுக்கே தெரியாதுங்களா டீச்சர்?"

"தெரியாது."

"தம்பிக்கு?"

மாதேஷிடம் சொன்ன மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன். "அவன்தான் மாற்றினான். தெரிஞ்சேதான் உங்களைக் குறை சொன்னான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "எங்கூட்ல சோறு உண்டவன்தானுங்களே," என்றாள் மெதுவாக. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன நாங்க என்ன அடிக்கவா போறோம்? ரெண்டாந்தடவ சுடறப்ப எங்க மாமியாளுக்குக் கை வெந்து போச்சுங். உங்க பேச்சக் கேட்டுத்தான் சுட்டது." அப்பா எழுந்து நின்றார். "எம்மேலயும் தப்பு இருக்குதும்மா. உருளையில கொட்டினது நான்தான்," என்றார். இந்த வயதில், அத்தனை பெண்களுக்கு நடுவில். அவரோடு இன்னும் எனக்குப் பழைய மாதிரி பேச்சு வரவில்லை. ஆனால் அவர் எழுந்து நின்றார், அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

அதன்பிறகு அன்று மதியமே அவர்கள் கரியை மறைவில்லாமல் சோதித்தோம். வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டோம். கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தது, பிறகு வெளுத்தது. எவ்வளவு நேரத்தில் வெளுக்கிறது என்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கரி முற்றிலும் வீண் இல்லை. வண்டிக்கு ஆகாது, அடுப்புத் தீயை நன்றாக்கும், அவ்வளவுதான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அடுப்புக்குன்னே கட்டியிருப்பமே" என்றாள் செல்வி. அவர்கள் ஆட்டோ இப்போது பெட்ரோலில் ஓடுகிறது. நிலையத்தை அடுப்புகளுக்கு மாற்றித் தர நானும் அப்பாவும் போய்வந்துகொண்டிருக்கிறோம். மேடையில் சால்வை போர்த்தியவர்களுக்கும் நடந்ததை எழுதிச் சால்வையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் பெயரையும் எழுதினேன். உன் புது வேலைக்கு இதனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

உன் மாமனார் வரட்டும். கௌதள்ளிக்கு நானே கூட்டிப் போகிறேன். உருளையைத் திறந்து மணிகளைக் கையில் கொடுத்து, இது கடையில் வாங்கியது, போட்டது என் மகன் என்று சொல்வேன். அதற்கு முன்னால் ப்ரியாவிடமும் அவரிடமும் நீயே சொல்லிவிடு. என் வாயிலிருந்து அவர்கள் கேட்பதைவிட அது உனக்கு நல்லது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கு நேரம் கொடுக்கிறேன், எனக்கு நீ கொடுக்காதது.

கல்யாணத்துக்கு வருவேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முதல் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். நீ என் பிள்ளை, அதில் மாற்றம் எதுவும் இல்லை. செல்வியையும் குழுவிலுள்ள எல்லோரையும் நேரில் போய் அழைத்துவிட்டேன். வருகிறோம் என்றிருக்கிறார்கள், கை வெந்த அந்த மாமியாரும் வருகிறார். கல்யாணப் பூசை முடிந்து கோயில் வாசலில் மாலையோடு நீ நிற்கும்போது அவர்கள் வரிசையில் உன் முன்னால் வந்து நிற்பார்கள். அப்போது திரும்பி என் முகத்தைப் பார்க்காதே. உனக்காக நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அம்மா